கேப்டனின் மேசை எங்கே?

பொம்மனஹள்ளியில் ஓசூர் சாலையை ஒட்டிய ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவுக்கு நான் பொறுப்பு. சொந்த ஊர் தூத்துக்குடி. அதற்குமுன் பதினெட்டு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் எஞ்சினியர். கடலில் கற்ற முக்கியமான பாடத்தைக் கரைக்கு வந்ததும் மறந்துபோனேன்.

அந்தப் பாடம் கிடைத்தது ஒரு நள்ளிரவில். எரிஎண்ணெயைத் தொட்டிக்கு ஏற்றும்போது வால்வை மூட மறந்துவிட்டேன். எண்ணெய் வழிந்து தரையெல்லாம் பரவியது. பக்கத்திலேயே கொதிக்கும் புகைக் குழாய். துடைத்து மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு நடுக்கத்துடன் சீஃப் எஞ்சினியரை போனில் எழுப்பினேன். ஓடிவந்த அந்த மலையாளி கேட்ட முதல் கேள்வி: "யாருக்காவது அடிபட்டதா?" அடுத்து அவரே துணியை எடுத்து முழங்காலிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் சொன்னார்: "வால்வை மறந்தது தப்பு மோனே. என்னை எழுப்பினது சரி."

கரையில் நான் வேறு ஆள். இஸ்திரி மேசையில் வயர் சூடாகிறது என்று சொல்ல வந்த பெண்ணை, ஏற்றுமதி அவசரத்தில், எல்லார் முன்னிலையிலும் கத்திவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மூன்றாம் மாடியில் வேறொரு வயர் புகைந்து துணிக்கட்டில் தீப்பிடித்தது. தீயணைப்புக் கருவி கையெட்டும் தூரத்தில் இருந்ததால் பிழைத்தோம். விசாரித்தால், அந்த வயர் பழுதானது இரண்டு நாளாகவே அந்த வரிசைக்கே தெரியும். "சொன்னால் திட்டுவீங்க சார்" என்றார்கள். பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கு வரும் பெண்கள் அவர்கள்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 1971 டிசம்பர் 9 அன்று டையூ அருகே பாகிஸ்தான் நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் பலியானார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா தன் உயிர்காப்பு உடையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டுக் கப்பலோடு போனார். 2012இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது பயணிகள் உள்ளே இருக்கும்போதே கேப்டன் வெளியேறினார். 32 பேர் இறந்தார்கள். அவருக்கு 16 ஆண்டு சிறை.

நான் எந்த ரகம்? என் மேசை கீழ்த்தளத்தில், வாசலிலிருந்து நாலடி தூரத்தில் இருந்தது. தீப்பிடித்தால் முதலில் வெளியே நிற்பவன் நான்தான்.

மறுநாள் காலை ஷிப்ட் தொடங்கும்போது, தெரிந்த கன்னடத்தில் "தப்பு நந்து" என்றேன். மேசையை மூன்றாம் மாடிக்கு மாற்றினேன்.

இப்போது தினமும் பத்துப் புகார் வருகிறது. பாதி வெறும் பயம். போன வாரம் ஒரு பெண் மூச்சிரைக்க ஓடிவந்து, மெயின் போர்டு பக்கம் கருகல் வாடை என்றாள். போய்ப் பார்த்தால் யாருடைய சாப்பாட்டு டப்பாவிலோ சுட்ட கருவாடு. எல்லாரும் சிரித்தார்கள். நான் அவளுக்கு நன்றி சொன்னேன்.