தானாக நிற்காத கட்டில்

மலாக்கா மாநிலத்தில் 28 சட்டமன்றத் தொகுதிகள். கடைசி எண் சுங்கை ரம்பாய்க்கு. வரைபடத்திலும் அது ஓரத்து ஊர்தான். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போனால் கெசாங் ஆறு. ஆற்றைத் தாண்டினால் ஜொகூர், அப்புறம் மூவார். சுற்றுலா வருகிறவர்கள் மலாக்கா பட்டணத்தோடு திரும்பிவிடுவார்கள். மிஞ்சிப் போனால் உம்பாயில் சுட்ட மீன் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். சுங்கை ரம்பாய்க்கு என்று கிளம்பி வருகிறவர்கள், அங்கே சொந்தபந்தம் உள்ளவர்கள்தான்.

எங்களுக்கு இருக்கிறது. அம்மா பிறந்தது அந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். கல்யாணமாகிக் கிள்ளானுக்கு வந்து ஐம்பது வருடத்துக்கு மேலாகிறது. இப்போது வயது 74. முழங்கால் வலியால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடியாது. அதனால்தான் இந்தப் பள்ளி விடுமுறைக்கு ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தோம். வீடே வண்டியாக வரும்போது அம்மா வேண்டியபோது படுக்கலாம், கழிப்பறையும் உள்ளேயே உண்டு.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் இறங்கி, மலாக்கா பட்டணத்தைத் தொட்டு, பழைய ஐந்தாம் எண் சாலையைப் பிடித்தோம். தெலோக் மாஸ், உம்பாய், செர்காம், மெர்லிமாவ் என்று கடலை ஒட்டி ஊர்கள் வரிசையாக வந்தன. மெர்லிமாவில் வண்ண ஓடு பதித்த படிக்கட்டுள்ள பழைய பெங்ஹுலு வீட்டின் முன் சற்று நின்றோம். கால்கள் மேல் நிற்கும் மரவீடு அது. "தண்ணி வந்தாலும் வீட்டுக்குள்ள வராது. எவ்வளவு ஒசரத்துல கட்டணும்னு தெரிஞ்சவன் கட்டியிருக்கான்" என்றார் அம்மா. அன்றிரவு உயரம்தான் எங்களுக்குப் பிரச்சினையாகப் போகிறது என்று அப்போது தெரியாது.

இறங்கி வந்த கட்டில்

சுங்கை ரம்பாயில் பெரியம்மா வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினோம். சமதளம், நிழலுக்கு ஒரு ரம்புத்தான் மரம், வீட்டுக்குள்ளிருந்து மின்சார ஒயர் இழுக்க வசதி. எல்லாம் பொருத்தமாக இருந்தது. பெரியம்மா உள்ளே வந்து படுக்கச் சொன்னார். பேத்திக்கு வண்டியில்தான் தூங்க வேண்டுமாம். பேத்தி இருக்கும் இடத்தில்தான் பாட்டியும்.

வண்டியின் உள்ளே பகலில் சோபா, இரவில் கட்டில். கட்டில் கூரைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். சுவரிலுள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் மோட்டார் முனகிக்கொண்டே அதை மெதுவாக இறக்கும். மகளும் நானும் மேலே, அம்மா கீழே சோபாவில், என் வீட்டுக்காரர் பெரியம்மா வீட்டுக் கூடத்தில் என்று முடிவு செய்திருந்தோம்.

அம்மா சோபாவில் உட்கார்ந்து தலை முடிந்துகொண்டிருந்தார். மகள் காலடியில் பையைக் குடைந்துகொண்டிருந்தாள். வீட்டுக்காரர் பொத்தானை அழுத்தியபடி வாசலில் நின்ற பெரியம்மா மகனோடு பேசிக்கொண்டிருந்தார். கட்டில் வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"மாப்பிள்ள, நிறுத்துங்க!"

அவர் கையை எடுத்தார், கட்டில் நின்றது. அம்மாவின் கொண்டைக்கும் கட்டிலின் அடிப்பலகைக்கும் நடுவே என் உள்ளங்கை அளவுதான் இடம்.

"தானா நின்னுடும்னு நெனச்சேன் அத்த" என்றார், முகம் வெளுத்துப் போய்.

எங்கே நிற்குமென்று பார்க்க, எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு மறுபடி இறக்கினோம். ஒரு பக்கம் சோபாவின் முதுகுச் சாய்மானத்தில் போய் இடித்தது. மறுபக்கம் இன்னும் கீழே போனது. கட்டில் சாய்ந்தது. இடித்த பக்கத்தில் அதைத் தாங்கியிருந்த பட்டை தொய்ந்து தொங்கியது. உடனே மேலேற்றிவிட்டோம். அன்றிரவு அம்மாவும் மகளும் பெரியம்மா வீட்டுக்குள்தான் படுத்தார்கள்.

யாருக்கோ வைத்த அளவு

மறுநாள் காலை வாடகை நிறுவனத்தை அழைத்தோம். தொலைபேசியில் வந்த பையன் பொறுமையாக விளக்கினார். அதை எழுதக் காரணம் உண்டு. இப்போது நம் குடும்பங்கள் பலவும் இப்படி வண்டி எடுக்கின்றன. பொத்தானைக் காட்டிக் கொடுப்பவர்கள் அதன் பின்னால் இருப்பதை எப்போதும் சொல்வதில்லை.

கட்டிலின் நான்கு மூலைகளையும் நான்கு பட்டைகள் தாங்குகின்றன. நான்கும் ஒரே மோட்டாரால் சுற்றப்படுவதால் கட்டில் மட்டமாக ஏறி இறங்கும். சில வண்டிகளில் பட்டைக்குப் பதிலாகப் பற்சட்டம் இருக்கும். கட்டில் எங்கே இருக்கிறது என்று மோட்டாருக்குக் கண் வைத்துப் பார்க்கத் தெரியாது. அது எத்தனை சுற்று சுற்றியது என்பதை ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். "மேலே இந்த எண்ணில் நில், கீழே இந்த எண்ணில் நில்" என்று ஒருவர் அதில் பதிந்து வைக்க வேண்டும். அந்த இரண்டு எண்கள்தான் கட்டிலின் எல்லை.

எங்கள் வண்டியில் கீழ் எல்லை, அடிப்பலகை தரையிலிருந்து 88 சென்டிமீட்டரில் நிற்கும்படி வைக்கப்பட்டிருந்தது. சோபாவின் சாய்மானத்தை மடித்துப் போட்டுவிட்டு, மேலே இரண்டு பேர் மட்டும் படுப்பவர்களுக்கு அது சரியான அளவு. ஏறி இறங்கச் சுலபம். ஆனால் சாய்மானம் நிமிர்ந்திருந்தால் அதன் உயரம் 92. ஆகவே 4 சென்டிமீட்டர் முன்பே கட்டில் அதில் உட்கார்ந்துவிடும். மோட்டாருக்கு அது தெரியாது, பட்டையை அவிழ்த்துக்கொண்டே போகும். கீழ் எல்லை பதியாமல் இருந்து, இன்னும் அழுத்திப் பிடித்திருந்தால் பட்டை முழுவதும் அவிழ்ந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றத் தொடங்கும். அப்புறம் 'இறங்கு' என்று அழுத்தினால் கட்டில் ஏறும்!

"ஏதாவது தடுத்தால் மோட்டார் நின்றுவிடும் இல்லையா?" என்று கேட்டேன். பாரம் கூடினால் மின்சாரம் அதிகம் இழுக்கும், அதைக் கண்டு பெட்டி நிறுத்திவிடும் என்றார். "ஆனா அக்கா, அது அழுத்தின பிறகுதான் நிக்கும். தலைக்கு முன்னாடி நிக்காது."

டேப்பும் பென்சிலும்

அவருடைய அனுமதியோடு எல்லையை மாற்றினோம். முதலில் அளவு நாடாவை எடுத்தோம். அம்மாவைச் சோபாவில் நிமிர்ந்து உட்காரச் சொல்லி அளந்தோம். இருக்கை 45 சென்டிமீட்டர், அதற்கு மேல் அம்மா 74. கூட்டினால் 119. தலைக்கு மேல் ஒரு 8 விட்டு, 127-இல் சுவரில் பென்சிலால் கோடு போட்டோம்.

மேலே என்ன மிஞ்சுகிறது? உள் உயரம் 208. கட்டிலும் மெத்தையும் சேர்ந்து 16. மீதி 65 சென்டிமீட்டர். நாங்கள் படுக்கலாம், புரளலாம். ஒன்பது வயது மகள் கொஞ்சம் குனிந்துதான் உட்கார முடியும்.

"கீழ இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கொறச்சா என்ன? படுக்கத்தானே போறாங்க பாட்டி" என்றாள் மகள்.

உண்மையில் அந்த ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் அம்மா இரவில் இரண்டு தடவையாவது எழுந்திருப்பார். தூக்கக் கலக்கத்தில் எழும்பும்போது முதலில் உயர்வது தலைதான். "துரை பங்களா மேட்டுல, லயம் பள்ளத்துல. எனக்கு இது புதுசா?" என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகு 127-ஐக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை.

பதிவு செய்யும் முறை வண்டிக்கு வண்டி மாறும். எங்கள் வண்டியில் பழைய எண்ணை அழித்துவிட்டுக் கட்டிலைக் கோட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டியிலுள்ள பொத்தானை விளக்கு மின்னும்வரை பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு முன் நான்கு மூலையையும் அளந்து கட்டில் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தோம். பட்டைகள் விறைப்பாக இருக்க வேண்டும். பாதி உயரத்தில் ஆட்கள் படுக்கலாமா, எவ்வளவு எடை தாங்கும் என்பதையும் கேட்டுக்கொண்டோம். சில வண்டிகளில் கட்டில் அடியிலுள்ள தாங்கிகளில் உட்கார்ந்த பிறகுதான் படுக்க வேண்டும். பட்டையை நம்பிப் படுக்கக் கூடாது.

பிறகு மேல் எல்லை. தலையணை, போர்வையை எடுத்துவிட்டு மெத்தையோடு ஏற்றினோம். கூரை விளக்குக்கு 4 சென்டிமீட்டர் கீழே நிறுத்தினோம். இப்போது அடிப்பலகை 188-இல். வீட்டுக்காரர் தலை இடிக்காமல் நடந்தார்.

வேலை முடிந்தது என்று நாங்கள் டேப்பைச் சுருட்டியபோது அம்மா கேட்டார்: "ஆளை ஏத்திப் பார்த்தீங்களா?"

ஆயாக் கொட்டகை

ஏன் அப்படிக் கேட்டார் என்பது பின்னால்தான் புரிந்தது. அப்போது சொன்னபடி செய்தோம். கட்டில் நின்ற பிறகு நானும் மகளும் ஏணி போட்டு ஏறிப் படுத்தோம். வீட்டுக்காரர் கீழிருந்து அளந்தார். 127 போட்ட கட்டில் 125-க்கு இறங்கியிருந்தது. பட்டை இழுபடுகிறது, சட்டம் நடுவில் கொஞ்சம் வளைகிறது. மறுபடி அழித்து, 129-இல் பதிந்தோம். ஆள் ஏறினால் 127.

அன்று பிற்பகல் தோட்டத்துக்குப் போனோம். வண்டியின் வெளி உயரம் மூன்று மீட்டருக்கு மேல். செம்பனை மட்டைகள் பாதைமேல் தாழ்ந்து கிடக்கும் என்பதால் அதை வாசலிலேயே விட்டுவிட்டுப் பெரியம்மா மகன் காரில் போனோம். அம்மா விட்டு வந்தபோது பால் மரம். இப்போது பார்த்த இடமெல்லாம் செம்பனை. லயத்தில் இரண்டு வரிசைதான் மிச்சம். கோயில் இருக்கிறது, புதிய வண்ணம் பூசியிருக்கிறார்கள். பெரட்டுக்கு நின்ற இடத்தில் புல்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் திட்டைக் காட்டி, "இதான் ஆயாக் கொட்டகை" என்றார் அம்மா.

விடியுமுன் மரம் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுப் போவார்கள். உத்தரத்தில் வரிசையாகத் தொட்டில்கள். பழைய சேலை, கைலித் துணி. அம்மாவின் அத்தைதான் ஆயா. பள்ளிக்கூடம் விட்டதும் அம்மா அங்கே போய்த் தொட்டில் ஆட்டுவாராம்.

"அத்த என்னை முதல்ல தொட்டில் கட்டத்தான் பழக்குனாங்க. ரொம்ப ஒசரத்துல கட்டுனா புள்ள விழுந்தா அடி படும். ரொம்பத் தாழ்த்திக் கட்டுனா ஆட்டும்போது தரை இடிக்கும், தவழுற புள்ளைங்க இழுக்கும். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ நிக்கணும். ஆனா வெறுந்துணியில அளக்கக் கூடாது. புள்ளையப் போட்டா துணி எறங்கும். அதையும் சேர்த்துக் கட்டணும். நேத்துக் கட்டுனது இன்னிக்கு ஆகாது, முடிச்சு எளகியிருக்கும். தெனமும் கையை வச்சுப் பார்த்துட்டுத்தான் புள்ளையப் போடுவாங்க."

மகள் தன் முழங்காலுக்குக் கீழே கையை வைத்து அளந்து பார்த்தாள்.

அன்றிரவு கட்டிலை இறக்கும்போது வீட்டுக்காரர் வாசலைப் பார்க்கவில்லை. சோபாவில் யாருமில்லை என்று பார்த்து, கட்டிலைப் பார்த்துக்கொண்டே இறக்கினார். பென்சில் கோட்டுக்குச் சற்று மேலே அது தானாகவே நின்றது. இருந்தாலும் அம்மா எழுந்து வந்து, அடிப்பலகைக்குக் கீழே ஒரு முறை கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

வீட்டு வண்டி எடுப்பவர்கள் கவனத்திற்கு

• வண்டியை வாங்கும்போதே கட்டிலை முழுவதும் ஒரு முறை ஏற்றி இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். கீழ் எல்லை யாருக்கு வைத்தது என்று கேளுங்கள்.

• எல்லையை நீங்களே மாற்றாதீர்கள். நிறுவனத்தைக் கேட்டு, கையேட்டைப் பார்த்து, அவர்கள் சொன்ன பிறகே மாற்றுங்கள். மாற்றியபின் ஆளில்லாமல் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்.

• சில வண்டிகளில் மின்கலத்தைக் கழற்றி மாட்டினால் பதிந்த எல்லை அழிந்துவிடும். அதன் பிறகு கண்டிப்பாகச் சோதியுங்கள்.

• கட்டில் அசையும்போது மேலேயும் கீழேயும் யாரும் இருக்கக் கூடாது. சாவி இருந்தால் அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

• ஓடும் வண்டியில் கட்டிலில் யாரையும் படுக்க விடாதீர்கள். நம் நாட்டில் பின்னிருக்கைக்காரர்களுக்கும் 2009 முதல் இருக்கை வார் கட்டாயம். வயதானவர்கள் படுக்க வேண்டுமென்றால் வண்டியை நிறுத்திவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

• உங்கள் வண்டியின் வெளி உயரத்தை எழுதி ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். பேரங்காடிக் கார் நிறுத்துமிடங்களின் குறுக்குக் கம்பிக்கு அடியில் இந்த வண்டிகள் நுழையாது.