தன்யூப் நதிக்கரையில் ஒரு சித்திர விழா

சிலோவாக்கியா நாட்டின் தலைநகராகிய பிராத்திஸ்லாவாவைக் காண விரும்புவோர் பெரும்பாலும் வியன்னா மாநகரிலிருந்தே புகையிரதம் ஏறுகின்றனர். ஏறக்குறைய 60 கிலோமீற்றர் தூரம். ஒரு மணி நேரப் பயணம். இடையிலே ஒரு நாட்டெல்லை இருப்பதை இன்று பயணிகள் அதிகம் உணர்வதில்லை. ஆயினும் 1989ஆம் ஆண்டு வரை அவ்விடத்தே முட்கம்பி வேலியும் காவலும் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. நாம் காணச் செல்லும் விழாவின் பெருமை அந்த வேலியை நினைவிற் கொண்டால்தான் விளங்கும்.

நகரை நெருங்கியதும் குன்றின்மீது நான்கு மூலைக் கோபுரங்களுடன் வெண்ணிறக் கோட்டையொன்று தோன்றும். 1811ஆம் ஆண்டிலே தீக்கிரையாகி, நூற்றாண்டுக்கு மேலாகப் பாழடைந்து கிடந்து, 1950களிலே தொடங்கிய திருப்பணியால் மீண்டும் எழுந்த கோட்டை அது. அதன் அடியிலே தன்யூப் நதி அமைதியாக ஓடுகின்றது. ஜெர்மானியர் பிரெஸ்பூர்க் என்றும், ஹங்கேரியர் பொஜோனி என்றும் அழைத்த இந்நகருக்கு 1919ஆம் ஆண்டிலேதான் இன்றைய பெயர் நிலைத்தது. ஹங்கேரிய மன்னர்கள் பலர் முடிசூடிய புனித மார்ட்டின் பேராலயமும் இங்கேதான் இருக்கின்றது.

கோட்டையையும் கோயிலையும் காண்போர் பலர். நாமோ சிறுவர் நூல்களின் சித்திரங்களைக் காண வந்தோம். 1967ஆம் ஆண்டு தொட்டு இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒற்றைப்பட ஆண்டுகளிலே, உலக நாடுகளின் சிறுவர் நூற் சித்திரங்கள் இந்நகரிலே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. ‘பிப்’ என்று சுருக்கமாக வழங்கும் இவ்விழாவின் 30ஆவது கண்காட்சி 2025ஆம் ஆண்டுக்கு உரியது. 1987இலே சிறுவருக்கான கலை இல்லமாக நிறுவப்பெற்ற ‘பிபியானா’ இதனை நடத்துகின்றது. பல நாட்டு அறிஞர் கூடிய நடுவர் குழு ஒரு தலைமைப் பரிசையும், ‘தங்க அப்பிள்’ எனப்படும் பரிசுகளையும், பதக்கங்களையும் வழங்குகின்றது. முதலாண்டிலே தலைமைப் பரிசு பெற்றவர் யப்பானியராகிய யசுவோ செகாவா. 1983இலே அப்பரிசு உள்ளூர்க் கலைஞர் துஷான் கால்லாயைச் சேர்ந்தது. 2019இலே ஈரான் நாட்டு ஹசன் மூசவி அதனைப் பெற்றார்.

நூலிலேயே காணக்கூடிய படத்தைச் சுவரிலே காண்பானேன் என்று சிலர் வினவலாம். அச்சிட்ட படத்தை ஒரு பூதக்கண்ணாடியால் நோக்குங்கள். நீலம், செம்மை, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகளே தென்படும். அவை கூடி நம் கண்ணை ஏமாற்றி ஆயிரம் நிறமாகத் தோன்றுகின்றன. மூலச் சித்திரத்திலோ புள்ளிகள் இல்லை. ஒரு மனிதனின் கை இருக்கின்றது. நீர்வர்ணம் தாளிலே ஊறிப் பரவிய கரை, அழிக்கப்படாது எஞ்சிய பென்சிற் கோடு, மனம் மாறி வெள்ளை பூசி மறைத்த இடம், எழுத்துக்காக வேண்டுமென்றே வெறுமையாக விட்ட மூலை ஆகிய யாவும் அங்கே தெரியும். ஓவியம் பயிலும் மாணவன் பாடநூல் பலவற்றாற் பெறாத அறிவை இத்தகைய ஒரு தாளின் முன்னே கால் மணி நேரம் நின்று பெறலாம்.

இந்நகரிலே இக்கலை வேரூன்றியதற்கு ஆசிரியர் ஒருவர் பெருங்காரணர். அல்பீன் புருனோவ்ஸ்கி என்பது அவர் பெயர். செப்புத் தகட்டிலே மெழுகு பூசி, ஊசியாற் கீறி, அமிலத்திலே தோய்த்து அச்செடுக்கும் நுண்கலையிலும், கல்லச்சிலும் அவர் வல்லவர். செக்கோசிலோவாக்கியாவின் இறுதி நாணயத்தாள் வரிசையை வரைந்தவரும் அவரே. நாட்டின் பணத்தை வரைந்த கை, குழந்தைகளின் கதைகளுக்கும் அதே கவனத்துடன் வரைந்தது. கால்லாய் அவருடைய மாணவர். வளர்முக நாடுகளின் இளங்கலைஞருக்கென இவ்விழாவை ஒட்டி அமைந்த பயிற்சிப் பட்டறையும் புருனோவ்ஸ்கியின் பெயரையே தாங்குகின்றது.

முதல் விழா நடந்த மறு ஆண்டு, 1968 ஆகஸ்ட் மாதத்திலே, அந்நிய நாடுகளின் கவச வாகனங்கள் நாட்டினுள் நுழைந்தன. அதன் பின்னர் எழுத்தும் ஓவியமும் கடுங் கண்காணிப்புக்கு உள்ளாயின. பெரியோருக்கான சுவர்களிலே தம் எண்ணம்போல் வரைய இயலாத கலைஞர் பலர் சிறுவர் நூலின் பக்கங்களிலே புகலிடம் கண்டனர். பறக்கும் மீனையும், பேசும் மரத்தையும், தலைகீழான வீட்டையும் எந்த அதிகாரி தடுப்பார்? 1969இலே இரண்டாவது விழாவும் தவறாது நடந்தது. 1993இலே நாடு இரண்டாகப் பிரிந்த பின்னரும் விழா நின்றுவிடவில்லை.

இன்று வேறொரு வினா எழுந்துள்ளது. கணினியிலே வரைவோர் பெருகிவிட்டனர். அவர்களுடைய சித்திரத்துக்கு மூலத் தாள் என்று ஒன்று இல்லை. சுவரிலே தொங்குவதும் ஓர் அச்சுப் பிரதியே. கையின் சுவடு மறைந்தாற் கலையும் மறையுமோ? அவ்வாறு நாம் அஞ்ச வேண்டியதில்லை. கருவி எதுவாயினும், எதை வரைவது, எதை வரையாது விடுவது என்று தேர்வது மனிதனின் உள்ளமே. எனினும் மனம் மாறிய இடத்தைக் காட்டும் அந்த வெள்ளைப் பூச்சை நாம் இழக்கின்றோம் என்பதும் உண்மையே.

சிலோவாக்கிய மொழியைப் பேசுவோர் ஏறக்குறைய 50 இலட்சம் பேரே. அவர்களுடைய கதைகளை மூலமொழியிலே படிக்க வல்லார் உலகிலே சிலர். அவ்வாறிருந்தும், மொழிபெயர்ப்பு வேண்டாத சித்திரத்தைப் பற்றிக்கொண்டு அச்சிறு நாடு உலகக் கலைஞரைத் தன் வாயிலுக்கு அழைத்துக்கொண்டது. பெரும் படையோ பெருஞ் செல்வமோ செய்யாத காரியம் இது. சிறுவருக்குரியது சிறியதன்று என்று அந்நகரத்தார் உறுதியாக நம்பினர். அந்த நம்பிக்கையே அதனைச் செய்தது.

எழுதியவர் பெயரை அறிந்து, வரைந்தவர் பெயரை அறியாது நூலை மூடிவிடுவது நம்மிற் பலரின் வழக்கம். இனிக் குழந்தைக்கு ஒரு கதைநூலை வாங்கும் பெற்றோர், முதற் பக்கத்திலே சித்திரக்காரரின் பெயரையும் தேடிப் படித்துக் காட்டுவார்களாக. அந்தப் படத்தின் பின்னாலும் ஒருவர் பல நாள் விழித்திருந்து உழைத்திருக்கின்றார் என்பதைக் குழந்தை அறிந்துகொள்ளட்டும்.