நல்லதங்காள் கண்ட கனவு

நல்லதங்காள் என்றதும் நமக்கெல்லாம் கிணறுதான் ஞாபகம் வரும். ஏழு பிள்ளைகளைத் தள்ளிவிட்டுத் தானும் குதித்த கிணறு! வத்திராயிருப்புக்குப் பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) அவள் கதையை நாடகமாக்கினார். எங்கள் குரங்கணியில் திருவிழாவுக்கு அந்த நாடகம் போட்டபோது ஊரே அழுதது.

ஆனால் நண்பர்களே, பெண்கள் அழ ஆரம்பித்தது கிணற்றடியில் அல்ல. அதற்கு வெகு முன்பே, வழிநடையில். பஞ்சம் தாங்காமல் மானாமதுரையிலிருந்து அண்ணன் வீட்டுக்கு நடக்கிறாள். பிள்ளைகள் பசி என்று அழ, மாமன் வீட்டில் அது கிடைக்கும், இது கிடைக்கும் என்று அடுக்குகிறாள். ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ஆளுக்கொரு ஊரிலிருந்து வந்து மேடையில்தான் சேருவார்கள். அன்று நடித்த அம்மா அந்த இடத்தை அரைமணி நேரம் நீட்டினார். பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் தொடங்கி, போகப்போகப் பிள்ளைகளை மறந்து தனக்கே சொல்லிக்கொண்டிருந்தார். என் பக்கத்திலிருந்த பாட்டி, "பாவி மக, அவளே நம்பிட்டாளே" என்றார். எந்த மனநல மருத்துவரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது!

அமெரிக்காவின் டென்னசி வில்லியம்ஸ் எழுதி 1947-ல் மேடையேறிய ஒரு நாடகத்தில் பிளான்ச் என்றொரு பெண். அவளும் சொத்திழந்து, தங்கை வீட்டுக்கு வருகிறவள்தான். பழைய பெருமையைப் பேசிக்கொண்டே, வயது தெரியாதிருக்க விளக்குக்குக் காகிதக்கூடு மாட்டுகிறாள். கட்டிக்கொள்வதாக இருந்தவன் ஒருநாள் அதைக் கிழித்து அவள் முகத்தை வெளிச்சத்தில் பார்க்கிறான். கடைசியில் மருத்துவர் வந்து அழைத்துப் போகும்போதும் அவள் கனவை விடவில்லை.

நம்மவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அண்ணி மூளி அலங்காரியின் வீட்டில் கனவு அடியோடு கலைந்தது. கனவு கண்டதால் கெட்டாள் என்கிறார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கனவு இல்லாவிட்டால் ஏழு பிள்ளைகளோடு அவ்வளவு தூரம் நடந்திருக்கவே முடியாது. அது கலைந்தபின், பிறந்த வீட்டிலும் கஞ்சியில்லை என்று புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சொல்ல வாய் வருமா? போக்கிடம் இல்லாமல்தான் கிணறு. அதற்காகப் பிள்ளைகளைக் கொன்றது நியாயமாகிவிடாது. தப்பி ஓடிய மூத்தவனையும் இழுத்து வந்து போடுகிறாளே, அதை என்னால் பார்க்க முடியவில்லை.

எங்கள் அத்தை அன்று நாடகத்துக்கு வரவில்லை. மாமா இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர் அவர். "வாங்க மதினி, எல்லாரும் போறோம்" என்று அம்மா கூப்பிட்டதற்கு, "தெரிஞ்ச கதைதானே" என்று படுத்துக்கொண்டார். அம்மா முகம் சுருங்கிவிட்டது. மேடையில் மூளி அலங்காரி வந்தபோதெல்லாம் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். இத்தனைக்கும் அம்மா ஒருநாளும் அத்தைக்குக் குறை வைத்ததில்லை.

விடிகாலை ஐந்தரைக்கு அத்தை தூக்குவாளியில் சோறு கட்டிக்கொண்டிருந்தார். ஏலத்தோட்ட ஜீப் வருகிற நேரம்.

"மூத்த பய தப்பிச்சானாடா?" என்றார்.

"இல்ல அத்தை."

"தோட்ட வேலை ஏதும் இல்லையாமா அந்த ஊர்ல?" என்று கேட்டபடி செருப்பை மாட்டினார். அம்மா ஓடிவந்து வாளியில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.