உடுக்கையும் ஒரு சொம்பு தண்ணீரும்

உங்கள் வீட்டுச் சமையலறையை ஒரு முறை சுற்றிப் பாருங்கள். ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். மஞ்சள் இருக்கும், குங்குமம் இருக்கும். எலுமிச்சம்பழம் நாலு, தேங்காய் ஒன்று, கொஞ்சம் அரிசி. பாட்டி காலத்து முறம் பரண்மேல் கிடந்தாலும் கிடக்கும். தெருக்கோடியில் ஒரு வேப்ப மரமும் இருந்துவிட்டால் ரொம்ப விசேஷம்.

அவ்வளவுதான்! தெய்வத்தையும், நம்மை விட்டுப் போன மனிதர்களையும் அழைத்துப் பேசுவதற்கு நம் நாட்டில் காலங்காலமாக வழங்கி வரும் புனிதக் கருவிகள் அநேகமாக இவைதாம். இவற்றோடு தோல் கட்டிய ஒரு வாத்தியமும், அதை அடிக்கத் தெரிந்த ஒரு கையும் சேர்ந்தால் போதும்.

"அதெல்லாம் ஏதோ மலைக்காட்டுச் சமாசாரம்" என்று எண்ணி விடாதீர்கள். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவோம், வாருங்கள். பஸ் சார்ஜுக்கு மேல் செலவில்லை.

முதலில் மயிலாப்பூர். மயிலாப்பூர் என்றதும் கபாலி கோயில் கோபுரமும், தெப்பக்குளமும், டிகிரி காப்பியும்தானே உங்கள் நினைவுக்கு வருகின்றன? இருக்கட்டும். ஆனால் அந்தக் கபாலியின் பங்குனிப் பெருவிழாவுக்கே கொடி ஏறுவதற்கு முன்னால் வேறொரு சந்நிதியில் பூஜை நடந்தாக வேண்டும். கிராம தேவதையான கோலவிழி அம்மனுக்குத்தான் அந்த முதல் மரியாதை. ஊர் எவ்வளவு பெரியதானாலும் எல்லையைக் காக்கிறவளைக் கேட்காமல் எதுவும் செய்வதில்லை.

கபாலி கோயிலிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் இருக்கிறாள் முண்டகக்கண்ணி அம்மன். முண்டகம் என்றால் தாமரை. பறக்கும் ரயிலில் வருகிறவர்களுக்கு அம்மன் பெயராலேயே ஒரு ஸ்டேஷன் 2014-ல் திறந்தார்கள். அம்மன் மட்டும் அன்றுபோல் இன்றும் ஓலைக் கூரையின் கீழேயே குடியிருக்கிறாள். சுற்றிலும் கல்லும் சிமிட்டியும் வந்து விட்டன. கருவறைக்கு மேல் கீற்றுதான். பின்னால் ஆலமரமும், புற்றும், நாகர் கற்களும்.

ஆடி வெள்ளிக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் பொங்கல் பானைகள் புகைகின்றன. ஒரு பக்கம் மாவிளக்கு. கியூவில் உங்களுக்கு முன்னால் நின்ற அம்மாள், சற்று முன்வரை பிள்ளையின் பரீட்சை மார்க்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள், உடுக்கைச் சத்தம் கேட்டதும் பேச்சை நிறுத்துகிறாள். தோள் குலுங்குகிறது. கொண்டை அவிழ்கிறது. யாரோ ஓடி வந்து அவள் கையில் ஒரு கொத்து வேப்பிலையைக் கொடுக்கிறார்கள். அடுத்த நிமிஷம், அவளிடம் மார்க் விசாரித்தவர்கள் கை கட்டி நின்று, "தாயே, என்ன குறை?" என்று கேட்கிறார்கள்.

இப்போது அந்த வாத்தியங்களைக் கொஞ்சம் கவனியுங்கள். உடுக்கை இடை சிறுத்தது. இரு முகத்துத் தோலையும் இணைக்கும் கயிற்றை இடையில் பிடித்து அழுத்தினால் தோல் இறுகும், சுருதி ஏறும். தளர்த்தினால் இறங்கும். அதனால்தான் அது அழுவது போலவும் கேட்கிறது, அதட்டுவது போலவும் கேட்கிறது. பம்பை என்பது ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம். இரண்டுமாகச் சேர்ந்து பேசும். கைச்சிலம்பு உள்ளே கூடான பித்தளை வளையம். அசைத்தால் உள்ளிருக்கும் பரல்கள் சலசலக்கும். இந்த மூன்றும் கூடிய இடத்தில் பம்பைக்காரர் அம்மனை வர்ணித்துப் பாடுகிறார். பாட்டு ஓட ஓடத் தாளம் நெருங்குகிறது. தாளம் நெருங்க நெருங்கச் சாமி நெருங்குகிறது.

இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. சங்க நூல்களில் வேலன் வருகிறான். கையில் வேல் பிடித்து வெறியாட்டு ஆடுகிறான். கழங்கு உருட்டிக் குறி பார்க்கிறான். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி சொல்கிறாள். சிலப்பதிகாரத்தில் சாலினி என்பவள்மேல் கொற்றவை இறங்கி, கூட்டத்தில் ஒதுங்கி நின்ற கண்ணகியைக் காட்டிப் புகழ்கிறாள். கண்ணகி கூச்சப்பட்டுக் கணவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாள்!

வெறியாட்டில் ஒரு வேடிக்கையும் உண்டு. மகள் உண்ணாமல் உறங்காமல் மெலிகிறாள். காரணம் காதல், தோழிக்குத் தெரியும். தாய்க்கு மட்டும் தெரியாது. மகளையே உட்கார வைத்து, "என்னடியம்மா விஷயம்?" என்று கேட்டால் தீர்ந்தது. அதைச் செய்யாமல் வேலனை வரவழைத்து, ஆடு பலியிட்டு, ஊரைக் கூட்டிக் கேட்கிறாள் தாய். வீட்டில் வாய் விட்டுக் கேட்க முடியாததைக் கேட்பதற்கு ஒரு வழி என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள். மற்றது தானே விளங்கும்.

உலகத்தில் நாம் மட்டும்தான் இப்படி என்பதில்லை. சைபீரியப் பனிக்காட்டில் எவங்கி மக்களிடம் 'ஷாமன்' என்று ஒரு பூசாரி உண்டு. அந்தச் சொல்தான் இன்று உலகமெங்கும் வழங்குகிறது. அவருக்கும் தோல் மேளம்தான் முக்கியம். கொரியாவில் பெரும்பாலும் பெண்களே இந்தப் பூசாரிகள். மணியும் விசிறியும் ஏந்தி ஆடுவார்கள். அந்நாட்டு ஜேஜு தீவில் நடக்கும் ஒரு சடங்கை 2009-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் ஒரு வித்தியாசம். சைபீரிய ஷாமன் மேளத்தைக் குதிரையாகக் கொண்டு ஆவிகளின் உலகத்துக்குப் புறப்பட்டுப் போவதாகச் சொல்வார்கள். நம் ஊரிலோ அவர்கள்தாம் நம் வீட்டுக்கு வருகிறார்கள். விருந்தாளியை வாசலில் நின்று அழைத்து, மணையில் உட்கார வைத்து உபசரிப்பதுதானே நமக்குப் பழக்கம்!

அப்படி ஒரு விருந்தாளி வந்த வீட்டுக்கு இப்போது உங்களை அழைத்துப் போகிறேன். தியாகராய நகரில், ஜவுளிக் கடைகளின் சந்தடி எட்டியும் எட்டாமலும் கேட்கும் ஒரு சந்து. ஒரே கூரையின் கீழ் நாலு குடித்தனம். அதில் ஒரு வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணின் தாயார் ஆறு வருஷங்களுக்கு முன்பு ஆஸ்பத்திரியில் காலமானவள்.

வட தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. சுமங்கலியாகப் போன பெண்ணைப் 'பூவாடைக்காரி' என்பார்கள். பூவையே ஆடையாக உடுத்தவள். வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் அவளை அழைத்துப் படையல் போட வேண்டும். நீர்நிலைக்குப் போய்ப் பம்பை முழங்க அழைத்து, கலசத்து நீரில் அவளை வீட்டுக்குக் கொண்டு வர வேண்டும். அந்நாளைய தென்னாற்காடு ஜில்லாக் கிராமங்களில் இந்தச் சடங்கைக் கூடவே இருந்து பார்த்து, இஸபெல் நபோகோவ் என்ற மானிடவியல் அறிஞர் 2000-ல் ஒரு நூலே வெளியிட்டிருக்கிறார்.

"கிராமத்தில் ஏரி உண்டு, கிணறு உண்டு; தியாகராய நகரில் நீர்நிலைக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அந்த வீட்டுக் கிழவர் சிரித்தார். "ஏரிக்கு மேலேதான் நிக்கறே, அம்மா!" என்றார்.

உண்மைதான். மயிலாப்பூர் ஏரி என்றும் 'லாங் டாங்க்' என்றும் பெயர் பெற்றிருந்த பெரிய ஏரியை வற்றவைத்து, 1920-களில் எழுப்பிய நகரம் இது. 1925-ல் மறைந்த நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயரை அதற்கு வைத்தார்கள். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இன்னும் இருக்கிறது, லேக்கைத்தான் காணோம்.

ஆகவே சந்து முனை அடிபம்பைக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டிட்டு, மல்லிகைச் சரம் சுற்றினார்கள். பம்பை, உடுக்கை, சிலம்பு மூன்றும் முழங்கின. ஒரு சொம்பு தண்ணீர் பிடித்து, அதன் வாயில் வேப்பிலை செருகி, தேங்காய் வைத்தார்கள். இறந்தவளின் தங்கை, கல்யாணப் பெண்ணுக்குச் சித்தி, அதைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். பத்தடி நடப்பதற்குள் அவளுக்கு மருள் வந்து விட்டது.

வீட்டுக்குள் புதுப்புடவையும், வளையலும், பூவும் முறத்தில் வைத்திருந்தன. பம்பைக்காரர் கற்பூரத்தைக் காட்டி, "வந்தது யாரு, தாயே? சொன்னால்தானே தெரியும்" என்றார்.

பதில் பம்பைக்காரருக்கு வரவில்லை. மூலையில் நின்ற பெண்ணின் தகப்பனாருக்கு வந்தது.

"ஊருக்கெல்லாம் பத்திரிகை குடுத்தியே, எனக்குக் குடுத்தியா?"

கூடத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். உயிரோடு இருந்தவரை அவரை "என்னாங்க" என்று தவிர வேறு விதமாய் அழைத்தறியாதவளாம். இன்று, "நீ" என்றாள்!

"இதோ, கூப்பிடத்தானே வந்திருக்கேன்" என்றார் அவர் மெதுவாக.

"அன்னிக்கு ராத்திரி, ஆஸ்பத்திரியிலே, எங்கே போயிருந்தே? வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேனே!"

உடுக்கை அடங்கிவிட்டது. கல்யாணப் பெண் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்து எனக்கு ஒன்று தெரிந்தது. இந்தக் கேள்வி அந்த வீட்டில் ஆறு வருஷமாய் இருந்திருக்கிறது. சாப்பாடு போடும்போது இருந்திருக்கிறது. விளக்கு அணைக்கும்போது இருந்திருக்கிறது. கேட்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை.

"பணத்துக்கு அலைஞ்சேன்" என்றார் அவர். "எட்டு வீடு ஏறி இறங்கினேன். யாரும் தரல்லே. வெறுங்கையோட உன் மூஞ்சியைப் பார்க்க முடியாம, பஸ் ஸ்டாண்டிலேயே உக்காந்துட்டேன். விடிஞ்சு வந்தேன். நீ இல்லே."

சித்தி விம்மினாள். பிறகு அவர் நெற்றியில் திருநீறு பூசினாள். பெண்ணைக் கிட்டே இழுத்து, முறத்திலிருந்த வளையல்களைத் தன் கையாலேயே போட்டுவிட்டாள். பம்பைக்காரர், "மனசு குளுந்துச்சா, தாயே?" என்றார். அவள் தலையை அசைத்து அப்படியே சாய்ந்தாள். இரண்டு பேர் தாங்கிக்கொண்டார்கள்.

சற்று நேரம் கழித்துப் பார்த்தேன். கல்யாணப் பெண் அப்பாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவருக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

"நிஜமாகவே அம்மாதான் வந்தாளா? சித்தியின் மனத்தில் இருந்ததுதான் வெளியே வந்ததா?" என்று நீங்கள் கேட்கலாம். அந்த வீட்டில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியது கேட்கப்பட்டது. சொல்ல வேண்டியது சொல்லப்பட்டது.

ஆனால் ஒரு வார்த்தை. மருள் வேறு, மனநோய் வேறு. நோயாளிகளை டாக்டரிடம் காட்டாமல் புண்ணியத் தலங்களில் கொண்டு போய்க் கட்டிப் போட்டதன் பலனை 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் பார்த்தோம். சங்கிலியை அவிழ்க்க ஆளில்லாமல் தீயில் இருபத்தெட்டுப் பேர் மாண்டார்கள். நோய்க்கு வைத்தியர்தான் வேண்டும். காசைக் கறந்து பயமுறுத்துகிற போலிகளும் உண்டு. அவர்கள் வாசலை மிதிக்காதீர்கள்.

கடைசியாக அடையாறு. ஆற்று முகத்துவாரத்துக்குத் தெற்கே மரங்கள் அடர்ந்து கிடக்கிறதே, அதுதான் தியசாபிகல் சொஸைட்டி. 1882-ல் அங்கே குடியேறிய கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் முதன்முதலில் எங்கே சந்தித்தார்கள் தெரியுமா? 1874-ல், அமெரிக்காவில் வெர்மான்ட் மாகாணத்து ஒரு பண்ணை வீட்டில். செத்தவர்கள் அங்கே தோன்றிப் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதை விசாரிக்கப் போனவர்கள் இருவரும்! உடுக்கை இல்லை, வேப்பிலை இல்லை. கேள்வி மட்டும் அதேதான்.

அந்த ஆல்காட்டின் பெயரைத் தாங்கிக் கடற்கரையில் ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. அதை ஒட்டினாற்போல் ஊரூர்க் குப்பம். அங்கே எல்லை அம்மன் கோயில். ஒரு மாலை அங்கே போய் நின்றேன். கோயிலுக்கு எதிரே கடல். கரையில் ஒரு பாட்டி மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஒரு கை கடல் நீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டு, உதடு அசைய ஏதோ சொன்னாள். "யாரோடு பேச்சு, பாட்டி?" என்றேன். "எங்க வூட்டுக்காரரோட. கடல்லே போனவரு" என்றாள். கூடையை மறுபடி தூக்கிக்கொண்டு நடந்தாள். அவளுக்கு உடுக்கைகூட வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் அந்தப் பித்தளைச் சொம்பு கண்ணில் பட்டது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும். கேட்காமல் வைத்திருக்கிற கேள்வியும் ஒன்று இருக்கலாம். கேட்க வேண்டியவர் இன்னும் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார் என்றால், பம்பைக்காரர் வரும்வரை காத்திருக்காதீர்கள். சொம்பில் தண்ணீர் கொண்டு போய்க் கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள். கேட்டு விடுங்கள்.