தேய்க்காத வெள்ளி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில், கொலுசுப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். வெள்ளி என்றால் மின்ன வேண்டும். வேறு இலக்கணம் எனக்குத் தெரியாது. பற்றவைத்துக் கறுத்த கொலுசு மெருகுக்குப் போய் வந்தால்தான் கடையேறும்.

அப்பாவின் தகரப்பெட்டியில் நாலு வெள்ளிக் காசுகள் இருந்தன. இரண்டு, ராஜா காலத்து ரூபாய். ஒவ்வொன்றும் ஒரு தோலா, 11.66 கிராம். மற்ற இரண்டும் பத்து ரூபாய் நினைவு நாணயங்கள். 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்தது 15 கிராம். அதில் நூற்றுக்கு 80 பங்கு வெள்ளி. 1972-இல் சுதந்திர வெள்ளிவிழாவுக்கு வந்தது 22.5 கிராம், வெள்ளி பாதிதான். இரண்டையும் என் இரு கைகளில் வைத்து அப்பா கேட்பார்: "எதுல வெள்ளி அதிகம்?" கனமானதை நீட்டுவேன். சிரிப்பார். சின்னதில் 12 கிராம், பெரியதில் பதினொன்றேகால். "எடையப் பார்த்து ஏமாறாதப்பா, டச்சப் பாரு." டச் என்றால் வெள்ளியின் சுத்தம்.

அடுத்த பாடம் கிடைக்க அறுபது தாண்ட வேண்டியிருந்தது. பழங்காசு சேர்க்கும் நாமக்கல் தம்பி ஒருவர் பார்க்க வருகிறார் என்றதும், முந்தின நாளே விபூதி போட்டு நான்கையும் பளபளவென்று தேய்த்து வைத்தேன். வந்தவர் காந்தி காசை வெளிச்சத்தில் சாய்த்தார். முகம் வாடியது.

"ஏனுங்கய்யா தேய்ச்சீங்க? கன்னத்துல பாருங்க, பூராவும் கீறல். அந்தக் கறுப்பு அழுக்கில்லீங்க. காத்துல இருக்குற கந்தகம் அம்பது வருசமா படிஞ்சதுங்க. போனா வராது."

பிறகு கைபேசியில் ஒரு படம் காட்டினார். ஜெர்மனி ஒரே நாடாவதற்கு முன் பவேரியாவை ஆண்ட முதலாம் லுட்விக் மன்னர், நியூரம்பெர்க்குக்கும் ஃபூர்த்துக்கும் இடையே 1835-இல் ஓடிய முதல் நீராவி ரயிலுக்காக அடித்த வெள்ளிக் காசு. மழைமேகம் போல் கறுத்திருந்தது. "இதைத் தேய்க்காம விட்டிருக்காங்க பாருங்க, அதுக்குத்தாங்க விலை" என்றார்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. காசை மட்டுமா தேய்த்தேன்? பேரனுக்குச் சொன்ன கதைகளில் அப்பாவையும் அல்லவா தேய்த்து வைத்திருந்தேன்! அவர் கோபக்காரர். கடன் வாங்கியவர். இதே நான்கு காசுகளும் இரண்டு தடவை அடகுக்குப் போய் மீண்டவை. இதில் ஒன்றைக்கூட நான் சொன்னதில்லை.

மறுநாள் சொன்னேன். அதுவரை திரும்பியும் பார்க்காத பேரன், "அடகுக்குப் போனது எந்தக் காசு தாத்தா, காட்டுங்க" என்று கையை நீட்டினான்.