யாருடைய வேஷம் வேண்டும்?

புதுக்கோட்டைச் சீமையில் கோயில் திருவிழா என்றால், பல ஊர்களில் இரவு பத்து மணிக்கு மேல் ‘வள்ளி திருமணம்’ நாடகம் நடப்பது நேயர்கள் அறிந்ததே. இந்த ஸ்பெஷல் நாடகத்தில் ஓர் அதிசயம் உண்டு. நாரதர் ஓர் ஊரிலிருந்து வருவார். வள்ளி மற்றோர் ஊரிலிருந்து வருவாள். முருகப் பெருமான் மூன்றாவது ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவார். இவர்கள் ஒரே கம்பெனியைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒத்திகை என்பதும் கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) வகுத்தளித்த கதையும் பாட்டுக்களும் அனைவருக்கும் மனப்பாடம். இடையில் எழும் தர்க்கம் மட்டும் அன்றிரவு மேடையிலேயே பிறக்க வேண்டும்.

வள்ளி முருகனைத்தான் மணப்பாள் என்பது மடியில் தூங்கும் குழந்தைக்கும் தெரியும். ஆயினும் ஜனங்கள் விடியும்வரை எழுந்திருப்பதில்லை. நாரதர் என்ன கேட்கப் போகிறார், வள்ளி என்ன மறுமொழி சொல்லப் போகிறாள் என்பதில்தான் அவர்களுக்கு ஆவல்.

இக்கதையில் நாரதருக்குக் கல்யாணமும் இல்லை, கிரீடமும் இல்லை. எனினும் அவர் தினைப்புனத்தில் நுழைந்து முதற் கேள்வியைக் கேளாவிடில் வள்ளியின் சாமர்த்தியம் வெளிப்பட வழியேது? சுவாமிகளும் தாம் மேடையேறிய காலத்தில் எமன், சனீசுவரன், இராவணன், இரணியன் ஆகிய வேஷங்களையே ஏற்றார். பிறர் சிறப்பதற்கு இடங்கொடுக்கும் வேஷங்கள் அவை.

இந்த முறையைத் தமிழ் வகுப்பிலும் நாம் கையாண்டு வருகிறோம். மாணவர்கள் தெரிந்த கதையொன்றிலிருந்து ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஒரே நோட்டுப் புத்தகத்தில் முறைவைத்து எழுத வேண்டும். நிபந்தனை ஒன்றே: பிறர் பாத்திரத்தின் வாயில் நாம் வார்த்தையைத் திணிக்கலாகாது.

சென்ற ஆண்டு ‘பொன்னியின் செல்வ’னை எடுத்துக்கொண்டோம். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய அந்நாவலில் வரும் கொடும்பாளூர் நம் ஜில்லாவிலேயே இருப்பதால் பிள்ளைகளுக்கு உற்சாகம் அதிகம். மூன்று பையன்கள் வந்தியத்தேவனே வேண்டுமென்று சண்டையிட்டார்கள். மூவருக்கும் தனித்தனி நோட்டுக் கொடுத்தோம். மூன்றிலும் குதிரை ஓடிற்று, வாள் சுழன்றது. நான்காம் பக்கத்தில் எல்லாம் நின்றுவிட்டது. “எங்கே போகிறாய்?” என்று கேட்க அங்கே ஆளில்லை.

வகுப்பில் வாய் திறவாத பெண் ஒருத்தி, யாரும் சீண்டாத வானதியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அடிக்கடி மூர்ச்சையாகிற பெண்ணை வைத்துக்கொண்டு என்ன எழுதுவாள் என்று மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் பெரிய வேளாருக்கு ஒரு கடிதம் எழுதினாள்: “பெரியப்பா, எனக்காகச் சிம்மாசனம் பேசுகிறீர்களாமே! எனக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்டீர்களா?”

வேளார் வேஷத்தை எடுத்திருந்த பையன் இரண்டு நாள் திகைத்தான். குலப்பெருமை பேசினான், அவள் மறுத்தாள். கோபித்தான், அவள் பொறுமையாக மீண்டும் கேட்டாள். நோட்டு நிரம்பிற்று. கேள்வி வானதியுடையதா, அவளுடையதா என்று நாம் விசாரிக்கவில்லை. தன் பெயரில் எழுத அஞ்சிய பெண் அன்று அறுபது பக்கம் எழுதினாள் என்பதே நமக்குப் போதும்.

ஆகவே, நேயர்கள் வீட்டுக் குழந்தைகள் விடுமுறையில் இவ்விளையாட்டைத் தொடங்கினால் நம் யோசனை இது. கதையில் மிகுந்த கைதட்டல் பெறுபவரைத் தேட வேண்டாம். நன்கு தெரிந்த பாத்திரமாய், மூல ஆசிரியர் அதிகம் பேசவிடாத பாத்திரமாய், எதிரிலிருப்பவரிடம் கேட்க ஏதேனும் உள்ள பாத்திரமாய்ப் பொறுக்கட்டும். கைகேயியும் மந்தரையும்கூட அங்கே காத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கும் ஒரு வேஷம் ஒதுக்கச் சொல்லுங்கள். பதில் சொல்லும் பழக்கம் நமக்கும் நல்லதுதான்.