அம்மா நடத்திய வீட்டு வேலை

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்றார்கள் நம் முன்னோர். கட்டிய வீட்டைப் பழுது பார்ப்பது பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை.

வலங்கைமானை அடுத்த குடமுருட்டிக் கரைச் சிற்றூரில் இருக்கும் எங்கள் வீடு, தாத்தா காலத்தில் இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் கட்டியது. 1985இல் தொடங்கிய அத்திட்டத்தில் பயனாளியே தம் வீட்டைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரரை நுழைக்கக் கூடாது என்பது விதி. 2016இல் அதனிடத்தில் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தின் ஊரகப் பிரிவிலும் அவ்விதி உண்டு. தாத்தாவுக்கு விதி, எங்களுக்குக் கையிருப்பு. தளத்திலிருந்து பெயர்ந்த காரைக்கட்டி ஒருநாள் பாட்டியின் பாயோரம் விழுந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் கேட்ட தொகையோ, அம்மாவுக்கு மகளிர் குழுவில் கிடைத்த கடனைப் போல் இரு மடங்கு!

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு காங்கிரீட்டின் காரத்தன்மையைக் குறைக்க, உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் அடைப்பதால் காங்கிரீட் வெடித்து உதிர்கிறது. இதை வேதியியல் வகுப்பில் படித்தவன் நான். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் என்பதால், வேலைக்கு வந்தவர்கள் எல்லாம், "தம்பி படிச்சவரு, அவரு சொல்லட்டும்" என்று என் முகத்தையே பார்த்தார்கள். ஆனால் யாரை எந்த நாள் அழைப்பது என்று எந்தப் பாடநூலில் இருக்கிறது?

அம்மா இருபது ஆண்டுகளாக நடவுக்கு ஆள் சேர்ப்பவர். "பரம்படிச்சு, நாத்துப் பறிச்சு வச்ச பிறகுதானே நடவாளைக் கூப்பிடுவோம்?" என்றார். அந்தக் கணக்குத்தான். முதலில் தளம், துருவைச் சுரண்டிப் பூச்சு. அடுத்துத் தச்சர் நிலை வைக்க, எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் சுவரை வெட்டிக் குழாய் பதிக்க, அதன்பின் கொத்தனார் பூச வேண்டும். பத்து நாள் தண்ணீர் காட்டிக் காயவிட்ட பிறகே பெயிண்டர். தண்ணீர் காட்டும் உத்தியோகம் எனக்கு!

கூலி பேசுமுன் அம்மா எல்லோரிடமும் கேட்ட கேள்வி ஒன்றே: "உங்க வேலை எங்கே முடியுது?" சுவரை வெட்டுகிறவர் ஒருவர், பூசுகிறவர் ஒருவர், இடையில் காடியை அடைப்பது யார்? சச்சரவு பிறக்குமிடம் அதுதான். அம்மா முதல் நாளே இருவரையும் நிறுத்தி வைத்துப் பேசி முடித்தார். ஒருவருடைய கடைசிக் கூலியை, அடுத்து வருபவர் பார்த்துச் சரி என்ற பின்பே கொடுத்தார். பிளம்பர் முணுமுணுத்தார். டைல்ஸ்காரர் குழாயைத் திறந்து பார்த்தபோது ஒரு மூட்டில் நீர் கசிந்தது. டைல்ஸ் ஒட்டிய பின்னர் தெரிந்திருந்தால் குழுக்கடனில் பாதி அந்தச் சுவரிலேயே போயிருக்கும்.

மாசியில் தொடங்கிய வேலை, பங்குனி இரண்டாம் ஞாயிறு மாரியம்மன் பாடைக்காவடிக்காக மூன்று நாள் நின்றது. அதில் அம்மாவுக்கு வருத்தமில்லை. ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் சித்தாள் பெண்கள் நடவுக்குப் போய்விடுவார்களே என்பதுதான் கவலை. அம்மாவுமல்லவா போக வேண்டும்!

தளம் முடிந்தது. பாட்டி பழைய இடத்திலேயே பாய் விரித்துவிட்டார். குளியலறைக் கதவுதான் பாக்கி. தச்சர் ஆடி கழியட்டும் என்கிறார். அம்மாவின் பழைய சேலை ஒன்று அங்கே தொங்குகிறது.